பக்கத்து வீட்டு ரிப்பேருக்கு எவ்வளவு கேட்கலாம்?

கேள்வி: எலக்ட்ரிக்கல் வேலை எனக்கு ஓரளவு தெரியும், தொழிலாகச் செய்வதில்லை. பக்கத்து வீட்டு வாஷிங் மெஷினில் தண்ணீர் வெளியேறாமல் நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்து, புது டிரெயின் பம்ப் வாங்கி மாட்டிக் கொடுத்தேன். பம்ப்புக்கு என் கைக்காசுதான். எல்லாம் சேர்த்து 4 மணி நேரம் ஆனது. இப்போது, "எவ்வளவு தரணும், சொல்லுங்க" என்கிறார்கள். சர்வீஸ்காரர் வாங்குவதைக் கேட்கலாமா, பொருள் விலை மட்டும் போதுமா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: அவர்களே கேட்கிறார்கள், கூச்சப்படாமல் ஒரு தொகையைச் சொல்லுங்கள். "பார்த்து ஏதாவது குடுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். குறைத்துக் கொடுத்துவிட்டோமோ என்று அவர்களுக்கு உறுத்தும். இவ்வளவுதானா என்று உங்களுக்குத் தோன்றும். தினமும் முகம் பார்த்துக்கொள்கிற இரண்டு வீட்டுக்கு நடுவில் அது வேண்டாம்.

பம்ப் விலையையும் கூலியையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். பம்ப்புக்கு பில்லில் உள்ளதை அப்படியே வாங்குங்கள், மேலே எதுவும் வைக்காதீர்கள். சர்வீஸ் கடையில் உதிரிபாகத்தின் மேல் லாபம் வைக்கிறார்கள் என்றால், அவர்கள் முதல் போட்டு வாங்கி அடுக்கி வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு அந்தச் செலவு இல்லை. புதிதாகக் கிளாம்ப், டேப் ஏதாவது வாங்கியிருந்தால் அதையும் சேருங்கள். பில்லோடு, கழற்றிய பழைய பம்ப்பையும் அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். எதை மாற்றினீர்கள் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் விலையைப் பற்றிப் பேச்சே வராது.

கூலியில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த 4 மணி நேரத்தையும் அவர்கள் தலையில் கட்டக் கூடாது. கைப்பழக்கம் உள்ள மெக்கானிக், முதலில் ஃபில்டர் மூடியைத் திருகி, சில்லறைக் காசோ ஹேர்பின்னோ சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் மல்டிமீட்டரை வைத்து பம்ப்பின் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) அறுந்திருக்கிறதா என்று பார்ப்பார். மாற்று பம்ப் கையில் இருந்தால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். நீங்கள் கூடுதலாக எடுத்துக்கொண்டது அந்த மாடலைப் பிரிக்கக் கற்றுக்கொண்ட நேரம். அதற்குக் காசு கேட்பது நியாயமில்லை. பம்ப் வாங்க அலைந்ததை வேண்டுமானால் சேர்க்கலாம்.

இரண்டு சர்வீஸ் ஆட்களிடம், பம்ப் மாற்றக் கூலி மட்டும் எவ்வளவு என்று விசாரியுங்கள். அவர்கள் சொல்லும் தொகையில் கடை வாடகை, வந்துபோகும் செலவு, வேலை வராத நாளின் நஷ்டம், மறுபடி மக்கர் செய்தால் வந்து பார்க்கும் பொறுப்பு எல்லாம் அடங்கியிருக்கும். முதல் மூன்றும் உங்களுக்கு இல்லை. அதனால் அதில் பாதி கேட்டால் யாரும் குறை சொல்ல முடியாது என்பது என் கணக்கு. "மூன்று மாதத்துக்குள் இதே பழுது வந்தால் நானே பார்த்துத் தருகிறேன்" என்று பொறுப்பேற்றால் மூன்றில் இரண்டு பங்கு வரை கேட்கலாம். அந்த வார்த்தையைக் கொடுத்துவிட்டால் பிறகு காப்பாற்ற வேண்டும்.

இனி யாராவது கூப்பிட்டால், திருப்புளியை எடுக்கும் முன்பே தொகையைப் பேசிவிடுங்கள். வாரண்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள். மெஷின் வாரண்டி முடிந்த பிறகும் மோட்டாருக்குத் தனி வாரண்டி இருப்பது உண்டு. வெளியாள் பிரித்தால் கம்பெனி கைவிரித்துவிடலாம். மொத்தச் செலவு புது மெஷின் விலையில் பாதியைத் தொடும் போலிருந்தால் ரிப்பேர் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இன்னொன்று, மைக்ரோவேவ் அடுப்பைத் தயவுசெய்து திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தேங்கியிருக்கலாம்.

கேள்வி: எதிர்வீட்டு அண்ணன் எங்கள் சீலிங் ஃபேனைச் சரிசெய்து கொடுத்தார். எவ்வளவு சொல்லியும் காசு வாங்க மறுக்கிறார். என்ன செய்வது?

பதில்: அவர் கைக்காசில் வாங்கிப் போட்ட பொருளின் விலையை எப்படியாவது கொடுத்துவிடுங்கள். கெபாசிட்டர் மாற்றியது மட்டும்தான் என்றால் அது சில நிமிட வேலை. கூலி வேண்டாம் என்றால் நன்றி சொல்லி விட்டுவிடலாம். ஃபேன் மோட்டாரின் கம்பிச் சுருளைப் புதிதாகக் கட்டிக் கொடுத்திருந்தால் அது மணிக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை. அதற்குக் கடையில் கேட்கும் கூலியை விசாரித்து, அதில் பாதியையாவது அவரிடம் கொடுங்கள். அதையும் மறுத்தால், அடுத்த தடவை கூலி வாங்கிக்கொள்வதாக ஒத்துக்கொண்டால்தான் கூப்பிடுவோம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.