எண்ணெய் ஊற்றியும் பாஸ்தா ஏன் ஒட்டிக்கொள்கிறது?

கொதிக்கும் தண்ணீரில் எண்ணெய் ஊற்றித்தான் வேக வைக்கிறேன், இருந்தும் பாஸ்தா கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்துவந்தேன். எண்ணெயை நிறுத்திய பிறகுதான், ஒட்டுவது எந்த நேரத்தில் நடக்கிறது என்பதைக் கவனிக்கவே தொடங்கினேன்.

பெரும்பாலும் அது முதல் இரண்டு நிமிடங்களில் நடந்து முடிந்துவிடுகிறது. உலர்ந்த பாஸ்தா வெந்நீரில் விழுந்தவுடன் அதன் மேற்பரப்பிலுள்ள மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்பிப் பசைபோலாகிறது. அந்தச் சமயத்தில் இரண்டு துண்டுகள் அசையாமல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், பசை அவற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, அவை அப்படியே வெந்துவிடுகின்றன. ஸ்பகெட்டியில் இதைக் கண்ணாலேயே காணலாம். கத்தையாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டால், ஏழெட்டு இழைகள் சேர்ந்து ஒரே தண்டாகிவிடும். வெந்தபின் அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெளிப்புறம் குழைந்தும் நடுப்பகுதி வேகாமல் வெளுப்பாகவும் இருக்கும். அந்தப் பசை சிறிது நேரத்தில் நீரில் கலந்து போய்விடுவதால், அதன் பிறகு அவ்வப்போது கிளறினாலே போதும். ஆகவே தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு பாஸ்தாவைப் போட்டு, அந்த இரண்டு நிமிடமும் அடுப்பை விட்டு அகலாமல், பாத்திரத்தின் அடிவரை கரண்டியை விட்டுக் கிளறுங்கள். வேறு எதை விட்டாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

எண்ணெய் நீரின் மேலேயே மிதப்பதால், உள்ளே வேகும் பாஸ்தாவை அது அநேகமாகத் தொடுவதில்லை. நுரை பொங்கி வழிவதை ஓரளவு தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் வடிக்கும்போது பாஸ்தாவின் மேல் படிந்து, சாஸ் பிடிக்காமல் வழுக்கிப்போகச் செய்துவிடும். உப்பு சுவைக்கானது, ஒட்டுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது பழைய கணக்கு. தண்ணீர் தாராளமாக இருந்தால் துண்டுகள் புரள இடம் கிடைக்கும், கஞ்சியும் நீர்த்துப்போகும். அதில் பாதியளவு நீரிலும் நான் ஒட்டாமல் வேக வைத்திருக்கிறேன், ஆனால் கிளறும் வேலை கூடுகிறது.

இரண்டாவது முறை ஒட்டுவது வடித்த பிறகு. பலரும் இதைக் கவனிப்பதில்லை என்பது என் எண்ணம். வடிகட்டியிலேயே விட்டுவைத்தால், பாஸ்தா ஆற ஆற அதன் மேல் படிந்திருக்கும் கஞ்சி இறுகி, எல்லாவற்றையும் ஒரே கட்டியாக்கிவிடும். அதனால் சாஸை முதலிலேயே தயாராக வைத்துக்கொண்டு, பொட்டலத்தில் குறித்துள்ள நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பாகவே வடித்து, உடனே சாஸில் சேர்த்துப் புரட்டுகிறேன். வடிப்பதற்கு முன் ஒரு குவளை கஞ்சித் தண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டால், சாஸ் கெட்டியாகும்போது சேர்த்துக்கொள்ளலாம். அதிலுள்ள மாவுச்சத்து சாஸைப் பாஸ்தாவோடு ஒட்டிநிற்கச் செய்யும். குளிர்ந்த நீரில் அலசினால் அந்தக் கஞ்சியும் போய்விடும் என்பதால், ஆறிய பின் உண்ணும் சாலட்டுக்கு மட்டுமே நான் அலசுவது வழக்கம்.

வடித்தபின் ஒட்டிப்போனதைக் காப்பாற்ற முடியும்: எடுத்து வைத்த கஞ்சித் தண்ணீரைச் சூடாக ஒரு கரண்டி ஊற்றி, மெதுவாகப் பிரித்தால் பிரிந்துவிடும். வேகும்போதே ஒட்டியவை கிழியாமல் பிரிவது அரிது.