மூடிய சமையலறையில் நீர்த்தூவல் எரிவாயு வெடிப்பைத் தடுக்குமா?

உதகையை அடுத்த தலைகுந்தாவில் தங்கும் விடுதி நடத்தும் வாசகர் ஒருவர், குளிருக்காகச் சன்னல்களை அடைத்தே வைத்திருக்கும் தமது சமையலறையில் ‘வாட்டர் மிஸ்ட்’ எனப்படும் நுண்நீர்த்தூவல் கருவியைப் பொருத்தினால் சிலிண்டர் கசிந்தாலும் வெடிக்காது என்று விற்பனையாளர் கூறுவதை நம்பலாமா எனக் கேட்டிருக்கிறார்.

நம்ப வேண்டாம். ஒரு கிலோ நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,257 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சுவதாலும், அந்த நீராவி ஆக்சிஜனின் செறிவைக் குறைப்பதாலும், நீர்த்தூவலால் வெடிப்பின் வேகம் தணியும் என்பது உண்மைதான். ஆனால் சுடர் கடந்துபோகும் கணத்திற்குள் முழுதாக ஆவியாக வேண்டுமானால், துளிகள் ஏறத்தாழ 10 முதல் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் இருக்க வேண்டும். தீயை அணைப்பதற்கென்று விற்கப்படும் தூவிகளின் துளிகள் பெரும்பாலும் அதைவிடப் பெரியவை; அவை பாயும் விசையே காற்றைக் கலக்கித் தொடக்கத்தில் சுடரை விரைவுபடுத்தவும் கூடும். கடலில் உள்ள எண்ணெய் மேடைகள் சிலவற்றில், வாயு உணரி எச்சரித்ததுமே, தீப்பற்றும் முன்பே நீரைப் பொழிகிறார்கள். நெருக்கமான குழாய்களுக்கிடையே சுடர் சீறிப் பாயும் வேகத்தில் பெரிய துளிகளும் அங்கே உடைந்து நுண்துளிகளாகிவிடும். வீட்டுச் சமையலறையில் அதை எதிர்பார்க்க முடியாது. மேலும், வெப்பம் பட்ட பிறகே திறக்கும் தூவி விழித்துக்கொள்வதற்குள், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில், எல்லாம் முடிந்திருக்கும். மார்கழி, தை உறைபனியில் குழாய் நீரே உறைந்துபோகலாம் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

கசிந்த வாயுவை நீர் கரைத்து அகற்றுவதுமில்லை. காற்றில் சுமார் 2 விழுக்காடு கலந்தாலே சமையல் எரிவாயு தீப்பற்றும் என்பதால், ஒரு கிலோ கசிவு பத்தடிக்குப் பத்தடி அறையை நிறைத்துவிடப் போதுமானது. அது காற்றைவிடக் கனமானது. நம் மலைச்சரிவு வீடுகளில் சமையலறையிலிருந்து படிவழியே இறங்கி, சாலை மட்டத்துக்குக் கீழே விருந்தினர் உறங்கும் அறையில் தேங்கும். என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுதான்.

ஆகவே அந்தப் பணத்தைக் கொண்டு சிலிண்டர்களை வெளிச்சுவரை ஒட்டி, கீழறைப் படிக்கும் சாக்கடைக்கும் எட்டத்தில், கம்பிக்கூண்டில் வையுங்கள். சரிவுப் பக்கச் சுவரில் தரையை ஒட்டிக் காற்றுத்துளை விட்டு, குளிரென்று அதில் சாக்கைத் திணிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாயு உணரியைத் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள் பொருத்தி, அது ஒலித்ததும் தானாக மூடிக்கொள்ளும் வால்வுடன் இணையுங்கள்; கீழறையிலும் ஓர் உணரி வேண்டும். சமையல் எரிவாயுவில் உள்ள பியூட்டேன் ஏறத்தாழ பூஜ்யம் டிகிரியில் ஆவியாக மறுப்பதால்தான் பனிக்காலத்தில் அடுப்பு மங்குகிறது; அதற்காகச் சிலிண்டரைக் கணப்பருகே நகர்த்தவோ கொதிநீரில் நிறுத்தவோ கூடாது. எரிவாயு வாடை வந்தால் மின்விசிறி உட்பட எந்தச் சுவிட்சையும் தொடாமல், கதவுகளைத் திறந்துவிட்டு, கீழறையில் இருப்பவர்களை முதலில் வெளியேற்றி, வெளியே வந்த பிறகு 1906 எண்ணை அழையுங்கள்.