கல்ச்சர் ரிப்போர்ட்டில் 'ஆர்' என்று இருந்தால் மருந்தே இல்லையா?

உங்கள் அப்பாவின் நிமோனியாவுக்கு (நுரையீரல் தொற்றுக்கு) மருந்து இருக்கிறது. மருத்துவமனையில் அதைப் போட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். 'இனி அவருக்கு எந்த மருந்தும் கேட்காதா' என்ற பயம்தான் உங்கள் மூன்று பக்கக் கடிதம் முழுக்க ஓடுகிறது.

கல்ச்சர் என்பது சளியில் உள்ள கிருமியை வளர்த்து, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பது. நீங்கள் அனுப்பிய அந்த அறிக்கையில் உள்ள கிருமி க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. 14 மருந்துகளில் ஒன்பதுக்கு நேராக 'ஆர்'. நீங்கள் அந்த ஒன்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மருத்துவர் தேடுவது மீதி ஐந்தில் இருக்கும் 'எஸ்'. ஆர் என்றால் அந்த மருந்துக்கு இந்தக் கிருமி அடங்காது, எஸ் என்றால் அடங்கும். முதலில் போட்ட செஃப்ட்ரையாக்சோனை உடைத்துப் போடுகிற நொதி இந்தக் கிருமியிடம் இருக்கிறது. அறிக்கை வந்ததும் மெரோபெனெம் ஊசிக்கு மாற்றினார்கள், மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நடக்க வேண்டியது நடந்திருக்கிறது. 'சூப்பர் பக் (எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி), மருந்தே கிடையாது' என்று நீங்கள் பார்த்த வீடியோவில் அலறுபவர் உங்கள் அப்பாவின் அறிக்கையைப் பார்த்தவர் இல்லை. மெரோபெனெமுக்கும் அடங்காத க்ளெப்சியெல்லா நம் நாட்டு ஐசியூக்களில் உண்டு, எங்களுக்கும் அது பெரிய கவலை. எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்கவில்லை என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2013 முதல் மருத்துவமனைகளிலிருந்து கணக்கெடுத்து வருகிறது. ஆனால் உங்கள் அப்பாவுக்கு வந்தது அந்த வகை இல்லை.

எக்ஸ்ரேயில் இன்னும் வெள்ளைத் திட்டு தெரிகிறதே என்கிறீர்கள். 71 வயதில், சர்க்கரையும் இருக்கும்போது, அது மறைய ஆறு வாரம் ஆகும், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். ஆறு வாரம் கழித்து ஒரு படம் எடுங்கள், போதும். பேரனுக்கு ஒட்டுமா? ஆரோக்கியமான குழந்தைக்கு இதனால் நிமோனியா வருவது அரிது. சளி துப்பும் கிண்ணத்தைத் தொட்டவர்கள் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். அப்பாவுக்கு மோர் கொடுக்கலாமா? கொடுக்கலாம், சளி கட்டாது.

சரி, நீங்கள் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். வயதானவர்களுக்கு நிமோனியா திரும்பினால் காய்ச்சலே அடிக்காமல் இருக்கலாம். தெர்மாமீட்டரை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், மூச்சை எண்ணுங்கள். அவர் சாய்ந்து படுத்திருக்கும்போது, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து, முழுதாக ஒரு நிமிடம். எண்ணுவதை அவரிடம் சொல்லாதீர்கள், சொன்னால் மூச்சு மாறிவிடும். 20க்குள் இருந்தால் பயமில்லை. 25ஐத் தாண்டினால் அன்றைக்கே மருத்துவமனை. 30 என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். புத்தி தடுமாறினாலும் அப்படியே. நடுராத்திரியில் எழுந்து, கடை திறக்கணும் என்று சட்டையைத் தேடுவார். உங்களை உங்கள் அத்தை பெயர் சொல்லிக் கூப்பிடுவார். தூக்கக் கலக்கம் என்று வீட்டில் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

அப்புறம், கடைசி வரியில் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள்: இருமல் நிற்கவில்லை, மருந்துக்கடையில் மறுபடி அசித்ரோமைசின் வாங்கட்டுமா என்று. கூடாது. படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. மருத்துவமனைக்குப் போகும் முன் பத்து நாள் அதைத்தானே இரண்டு தடவை கொடுத்தீர்கள்? க்ளெப்சியெல்லாவை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. நிமோனியா முற்றியது அந்தப் பத்து நாளில்தான். கடைக்காரர் லீவோஃப்ளாக்சசின் எடுத்துக் கொடுத்தால் இன்னும் மோசம், காசநோய் இருந்தால் அதைக் கொஞ்ச நாள் மறைத்துவிடும். அட்டையில் சிவப்புக் கோடு போட்ட எதையும் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். இன்னும் இரண்டு வாரத்தில் இருமல் நிற்காவிட்டால் அரசு மருத்துவமனையில் சளியைக் காசநோய்க்குப் பாருங்கள், இலவசம்தான்.

அந்தக் கல்ச்சர் அறிக்கையை லேமினேட் செய்து வையுங்கள். அப்பாவுக்கு மறுபடி காய்ச்சல் என்று எந்த மருத்துவரிடம் போனாலும், அவர் சீட்டு எழுதும் முன் அதை மேசையில் வையுங்கள்.