லிவர் விழுது, லைட்டும் எரியுது… முன்சக்கரம் ஏன் இழுக்கல?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கடிதங்களும் மாறிவிடும். ஃபிரிட்ஜ், மிக்ஸி எல்லாம் பின்னால் போய், பழைய ஃபோர் வீல் பிக்கப் முன்னால் வந்து நிற்கும். இந்த வாரம் அவைதான்.

கேள்வி: 2012 மாடல் பிக்கப் சார். பீஞ்சமந்தையிலிருந்து சாமையும் புளியும் இறக்குகிறேன். ஃபோர் ஹை (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டால் லிவர் விழுகிறது, டேஷ்போர்டில் லைட்டும் எரிகிறது. ஆனால் சேற்றில் பின்சக்கரம்தான் சுற்றுகிறது, முன்சக்கரம் அசையவில்லை. டிரான்ஸ்பர் கேஸை மாற்ற 45,000 ஆகும் என்கிறார் மெக்கானிக். கொடுக்கலாமா?
(ஒடுகத்தூர் வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் அவர் எதைப் பார்த்துவிட்டு அப்படிச் சொன்னார் என்று கேளுங்கள்.

அந்த லைட்டை நம்ப வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் அதன் ஸ்விட்ச் டிரான்ஸ்பர் கேஸில், அதாவது விசையை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரித்து அனுப்பும் பெட்டியில்தான் இருக்கும். உள்ளே பல்லைச் சேர்க்கும் ஃபோர்க் நகர்ந்தால் லைட் எரிந்துவிடும். அங்கிருந்து முன் ஷாஃப்ட் (வண்டிக்கு அடியில் ஓடும் தண்டு), முன் கிரவுன் (விசையை இரண்டு பக்கமும் பிரிக்கும் பல்சக்கரம்), ஆக்சில், ஹப் (சக்கரத்தின் நடுவில் அதை ஆக்சிலோடு பூட்டும் பாகம்) என்று விசை போய்ச் சேர வேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது. அதில் எந்த இடத்தில் அறுந்தாலும் லைட்டுக்குத் தெரியாது.

நீங்களே பார்க்கலாம். மண் தரையில் ஃபோர் ஹை போட்டு, பத்தடி முன்னால் மெதுவாக உருட்டி நிறுத்துங்கள். நின்ற இடத்தில் லிவரைப் போட்டால் பல் சேராமலே இருக்கலாம், அதற்காகத்தான் இந்தப் பத்தடி. ஹப் கையால் திருப்பும் வகை என்றால் இரண்டு பக்கமும் 'லாக்'கில் இருக்கட்டும். தானாகப் பூட்டும் வகை என்றால் பின்னால் எடுக்காதீர்கள், விட்டுவிடும். எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் தலையை விடக்கூடாது.

இப்போது தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இன்னொருவர் முன் ஷாஃப்டைப் பார்க்கட்டும். சக்கரம் சுற்றவே இல்லை என்றால் எல்லாம் சரி. சக்கரத்தோடு ஷாஃப்டும் சேர்ந்து சுற்றினால், டிரான்ஸ்பர் கேஸ் பிடிக்கவில்லை. சக்கரம் மட்டும் சுற்றி ஷாஃப்ட் சும்மா இருந்தால், ஷாஃப்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். அது இறுகி நின்றால் டிரான்ஸ்பர் கேஸ் நன்றாக இருக்கிறது, கோளாறு ஏதோ ஒரு பக்க ஹப்பில் அல்லது ஆக்சிலை இணைக்கும் இடத்தில். மறுபக்கச் சக்கரத்துக்கும் இதையே செய்யுங்கள்.

லிவர் விழுந்து லைட்டும் எரிகிறது என்று நீங்கள் சொல்வதை வைத்து, ஹப்பைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். கையால் திருப்பும் ஹப்பில் மேலே டயல் திரும்பும், உள்ளே இருக்கும் வளையம் காய்ந்த கிரீஸிலும் சேற்றிலும் ஒட்டிக்கொண்டு நகராது. கழற்றி டீசலில் கழுவி, மெல்லிசாகக் கிரீஸ் தடவி மாட்டினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். கைநிறைய அள்ளி அப்பினால் வளையம் மறுபடி நகராது. டூப்ளிகேட் ஹப் செட் பக்கம் போக வேண்டாம். விலை பாதி என்று நான் வாங்கியதில் இரண்டாம் முறை திருப்பும்போதே டயல் கையோடு வந்துவிட்டது.

கேள்வி: வாணியம்பாடியிலிருந்து வாரம் ஒருமுறை ஏலகிரிக்குக் காய்கறி ஏற்றிப் போகிறேன். ஃபோர் வீல் பிக்கப்பாகத் தேடி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 14 கொண்டை ஊசி வளைவும் தார்ச்சாலை. அந்தப் பணத்தை நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் வையுங்கள்.

கேள்வி: என் வண்டியில் பட்டன் வகை. வாட்டர் சர்வீஸ் விட்டு வந்ததிலிருந்து ஃபோர் வீல் லைட் மின்னிக்கொண்டே இருக்கிறது, பிடிப்பதில்லை.
(குடியாத்தம் வாசகர்)

பதில்: விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. டிரான்ஸ்பர் கேஸின் மேல் ஒரு சின்ன மோட்டார் உட்கார்ந்திருக்கும். அதற்குப் போகும் கனெக்டரில் தண்ணீர் புகுந்திருக்கும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கனெக்டரைப் பிரித்து, பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவைத்து மாட்டுங்கள். ஃபியூஸ், ரிலே, எர்த் ஒயர் மூன்றையும் பாருங்கள். பிறகு சாவியைப் போட்டு, பட்டனை மாற்றும்போது ஒருவரை வண்டியருகே காது கொடுக்கச் சொல்லுங்கள். 'விர்' என்று சத்தம் வந்தால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது. சத்தமே இல்லையென்றால் மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் போங்கள், கியர் பாக்ஸ் பட்டறைக்கு அல்ல.

கேள்வி: அண்ணா, ஐந்து வருடப் பழைய வண்டி. ஃபோர் வீல் வேலை செய்யவில்லை என்று ஒரு பட்டறையில் விட்டேன். ஏதேதோ மாற்றி 28,000 வாங்கிவிட்டார்கள். இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பில் தரவில்லை, என்ன மாற்றினார்கள் என்றும் தெரியவில்லை.
(ஆற்காடு வாசகர்)

பதில்: உங்கள் வயிற்றெரிச்சல் எனக்கு நன்றாகவே புரிகிறது, தம்பி. எனக்கு இது அப்படியே நடந்திருக்கிறது.

2009-ல் ஒரு பழைய பிக்கப் வாங்கினேன். அமிர்தி காட்டுப் பாதையில் முதல் மழைக்கே சிக்கியது. ஒரு பட்டறையில் டிரான்ஸ்பர் கேஸை இறக்கிப் பிரித்து 22,000 வாங்கினார்கள். மறுவாரம் அதே இடத்தில் அதே சிக்கல். கடைசியில் வயதான மெக்கானிக் ஒருவர் பானெட்டைத் திறந்தார். முன் ஆக்சிலைப் பூட்டுவதற்காகக் காற்றை உறிஞ்சும் வேக்குவம் டியூபைக் கையில் பிடித்து லேசாக வளைத்தார். நேராக இருந்தபோது கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வாய் பிளந்தது. நாலு அங்குல ரப்பர். நம் வேலூர் வெயிலில், எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும் ரப்பர் எத்தனை வருடம் தாங்கும்? வெட்டிப்போட்டு புது டியூப் மாட்டினார், முன்சக்கரம் பிடித்தது. பழைய பட்டறையில் போய்க் கேட்க என் கையில் பில்லும் இல்லை, கழற்றிய பாகமும் இல்லை.

அதனால் இதைச் சத்தமாகவே சொல்கிறேன். வண்டியை விடும்போதே மூன்று விஷயம் பேசிவிடுங்கள். என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதை ஜாப் கார்டில் எழுத வேண்டும். கழற்றும் பழைய பாகம் என் கைக்கு வர வேண்டும். உதிரிபாகம் தனி, கூலி தனி என்று பில் வேண்டும். "பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும், பரவாயில்லையா?" என்று கேட்பார்கள். அந்த வரியை மிச்சம்பிடிக்க ஆசைப்பட்டு முழுப் பணத்தையும் பறிகொடுத்தவர்களின் கடிதங்கள் என்னிடம் கட்டுக்கட்டாக இருக்கின்றன. 'மாற்றிப் பார்க்கலாம்' என்ற பேச்சை ஒப்புக்கொள்ளாதீர்கள். பார்த்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். இல்லையென்றால் அவர் கற்றுக்கொள்ள நீங்கள் பணம் கட்டுகிறீர்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: பணம் கூகுள் பேயில் போயிருந்தால் அந்தப் பதிவை எடுத்து வையுங்கள். பட்டறைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். பதில் இல்லையென்றால் 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியுங்கள். வண்டியில் வேக்குவம் வகை இருந்தால் அந்த டியூப்களை இன்றே வளைத்துப் பாருங்கள். பிரேக் பெடலும் கல் மாதிரி இறுகியிருந்தால் வேக்குவம் பம்ப்பே தளர்ந்திருக்கலாம். அப்படியென்றால் சரிபார்க்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

கேள்வி: பின்னால் மட்டும் பெரிய சைஸ் டயர் போட்டேன், லோடு தாங்கட்டும் என்று. இப்போது ஃபோர் வீல் போட்டால் லிவர் திரும்பி வரமாட்டேன் என்கிறது. டயர் கடைக்காரர் எதுவும் சொல்லவில்லையே?
(காட்பாடி வாசகர்)

பதில்: ஃபோர் வீல் வண்டி என்று நீங்கள் அவரிடம் சொன்னீர்களா? நாலும் ஒரே சைஸ், ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். இல்லையென்றால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். இப்போதைக்கு நேராகப் பத்தடி ரிவர்ஸ் எடுத்தால் லிவர் விடும். தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டினாலும் இதேதான் நடக்கும். டயரை மாற்றுங்கள்.

கேள்வி: பழைய வண்டி விற்கும் கடையில் 'ஃபோர் வீல், ஃபுல் கண்டிஷன்' என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினார்கள். கடன் வாங்கி எடுத்தேன், நானே ஓட்டிப் பிழைக்கிறேன். முன் ஷாஃப்டே இல்லை என்று நேற்றுதான் தெரிந்தது. மைலேஜுக்காக யாரோ கழற்றியிருக்கிறார்கள். கடைக்காரர் 'பார்த்துத்தானே எடுத்தீர்கள்' என்கிறார்.
(கே.வி.குப்பம் வாசகர்)

பதில்: பார்த்து எடுத்தாலும், இல்லாததை இருக்கிறது என்று எழுதி விற்றது அவர்தான். விட்டுவிடாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நீங்கள் வழக்குப் போடலாம். வியாபாரத்துக்கு வாங்கிய வண்டி என்று எதிர்த்தரப்பு சொல்லும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியதைச் சட்டம் விலக்கவில்லை. அதனால் 'நானே ஓட்டுகிறேன்' என்பதை மனுவில் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை.

விற்றவர் கடைக்காரராக இல்லாமல் தன் சொந்த வண்டியை விற்ற தனிமனிதராக இருந்திருந்தால் இந்த வழி அவ்வளவு சுலபமாக இருக்காது. உங்கள் விஷயத்தில் கடை இருக்கிறது, அது உங்களுக்குச் சாதகம்.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், அந்தப் போனையும் விற்காதீர்கள். வண்டிக்கு அடியில் ஷாஃப்ட் இருக்க வேண்டிய இடத்தை, நம்பர் பிளேட் தெரிவதில் தொடங்கி ஒரே வீடியோவாக எடுங்கள். வேறு ஒரு பட்டறையில் 'முன் ஷாஃப்ட் இல்லை' என்று லெட்டர் பேடில் எழுதி வாங்குங்கள். அதுவரை புது ஷாஃப்ட் எதையும் மாட்டாதீர்கள். எழுதி வாங்கியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், மனுவை உட்கார்ந்து சேர்ந்தே எழுதலாம்.