சிவப்பு எதுவரை இறங்குகிறது?

அன்புள்ள ஐயா,

உதகையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள சோலையில் கொஞ்ச நாள்களாக ஒரு குட்டிப் பறவையைப் பார்க்கிறேன். சிட்டுக்குருவியைவிடச் சிறியது. தொண்டை சிவப்பு. வாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறது. கறுப்பு வாலின் அடியில் இரு பக்கமும் வெள்ளை. செம்மார்பு ஈப்பிடிப்பான் என்கிறார் நண்பர். காஷ்மீர் ஈப்பிடிப்பானாக இருக்குமோ?

ஒரு வாசகர், உதகை

அன்புள்ள நண்பருக்கு,

இருக்கலாம். நீலகிரி என்பதாலேயே அந்த ஐயம் நியாயமானது. ஆனால் நீங்கள் எழுதிய வாலும் வெள்ளையும் இரண்டுக்கும் பொது. அவற்றை வைத்து முடிவுக்கு வர முடியாது.

சிவப்பு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். செம்மார்பு ஈப்பிடிப்பானின் வளர்ந்த ஆணுக்கு அது ஆரஞ்சு நிறம். தொண்டையிலும் மேல்மார்பிலும் நின்றுவிடும். காஷ்மீர் ஆணுக்கோ செங்கல் நிறம், மார்பு முழுவதும் இறங்கி விலாவரை பரவும். அதைவிட உறுதியான அடையாளம், கழுத்தோரமாக மார்பின் பக்கம்வரை அந்தச் சிவப்புக்குக் கரை கட்டியதுபோல் ஓடும் கருங்கோடு. செம்மார்பு ஈப்பிடிப்பானுக்கு அது கிடையாது. பறவை நேராக உங்களைப் பார்த்து உட்கார்ந்தால் கோடு சரியாகத் தெரியாது, பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுத்திருங்கள். பெண்ணும் இளம்பறவையும் வெளிறியவை. அவற்றை ஒரு மங்கலான படத்தை வைத்துப் பெயரிடுவதைவிட ‘ஈப்பிடிப்பான்’ என்று மட்டும் குறித்து வைப்பதே நேர்மை.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. செம்மார்பு ஈப்பிடிப்பான் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தெல்லாம் வருகிறது, பரவலான பறவை. காஷ்மீர் ஈப்பிடிப்பான் காஷ்மீரையும் அதையொட்டிய வடமேற்கு இமயக் காடுகளையும் மட்டுமே நம்பிக் கூடு கட்டுகிறது. குளிர்காலத்தில் அதற்கு இருப்பவை மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியும் இலங்கையின் மலைநாடும்தான். நுவரெலியாவின் விக்டோரியா பூங்காவில் அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் போகிறார்கள். அழிவாய்ப்புள்ள இனம் என்று சர்வதேசச் செம்பட்டியலில் இருக்கிறது. இத்தகைய பறவைக்குத் தவறான பதிவு ஒன்று சேர்ந்தாலும், உண்மையான பதிவு ஒன்று விட்டுப்போனாலும் இழப்பு இழப்புதான்.

அவசரம் வேண்டாம். குளிர்காலத்தில் இவை தமக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இரை தேடும். மார்ச் வாக்கில்தான் வடக்கே திரும்பும். காலையில் அதே மரத்தடிக்குப் போங்கள். அதன் குரலின் ஒலிப்பதிவைப் போட்டு அழைக்காதீர்கள், போட்டிப் பறவை வந்துவிட்டதென்று எண்ணி, பூச்சி பிடிக்க வேண்டிய நேரத்தை அது சண்டைக்குச் செலவிடும். பக்கவாட்டுப் படம் கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள், பறவைப் பதிவுகளைத் திரட்டும் இபேர்ட் (eBird) இணையதளத்திலும் படத்தோடு பதிவிடுங்கள்.