எந்த ஊர்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில், மகன் வேலை பார்க்கும் வின்செஸ்டரில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். பேராலயத்துக்குப் போகும் வழியில், கடைவாசலில் போர்வைக்குள் ஒருவர் படுத்திருப்பார். பக்கத்தில் ஒரு நாய். காசு போடக் குனிந்தேன். "குடிச்சிடுவான்ப்பா, குடுக்காதீங்க" என்று மகன் தடுத்துவிட்டான். கொடுக்கலாமா, கூடாதா? நம்மூர் என்றால் குடும்பம் இப்படி விட்டுவிடுமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கொடுங்கள். குடித்தால் குடிக்கட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் பையன் பப்பில் செலவழிப்பதற்கு யாராவது கணக்கு கேட்கிறார்களா?

குடும்பத்தைப் பற்றி எழுதியிருப்பதுதான் எரிச்சலாக இருந்தது. நம்மூர் பஸ் ஸ்டாண்டுகளில் ராத்திரி படுத்துக் கிடப்பவர்களெல்லாம் குடும்பம் இல்லாமல் பிறந்தவர்களா? இங்கிலாந்திலும் பலர் வீடிழப்பது, சொந்தக்காரர்களே "இனி இங்கே இருக்காதே" என்று சொல்லிவிடுவதால்தான்.

ஆனால் நீங்கள் குனிந்தீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் இந்தப் பதில்.

அதே வின்செஸ்டரில் இச்சென் ஆற்றோரப் புல்வெளி வழியாகத் தெற்கே நடந்தால் செயின்ட் கிராஸ் என்ற தர்மசத்திரம் வரும். 1130களில் பிஷப் ஹென்றி ஆஃப் ப்ளுவா கட்டியது. 13 ஏழைகளுக்குத் தங்க இடம், தினமும் இன்னும் 100 பேருக்குச் சாப்பாடு என்பது ஏற்பாடு. இன்றும் கறுப்பு, சிவப்பு அங்கி போட்ட முதியவர்கள் அங்கே வாழ்கிறார்கள். வாசலில் வழிப்போக்கர் யார் கேட்டாலும் ஒரு துண்டு ரொட்டியும், கொம்புக் குவளையில் கொஞ்சம் பீரும் உண்டு. நானும் கேட்டேன். நல்ல மழைக்கோட்டும் பையில் ரிட்டர்ன் டிக்கெட்டும் வைத்திருந்த ஆள் நான். எந்த ஊர் என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

வீடில்லாதவர் நகரசபை அலுவலகத்துக்குப் போனால் அதைத்தான் கேட்பார்கள். கடந்த 12 மாதத்தில் 6 மாதமாவது, அல்லது 5 வருடத்தில் 3 வருடமாவது இந்த ஊரில் இருந்தாயா? இங்கே வேலை உண்டா? நெருங்கிய உறவு உண்டா? இல்லையென்றால், தொடர்பு இருக்கிற ஊருக்குத் தள்ளிவிடலாம். அடிபட்டு ஓடிவந்தவர்களை அடித்தவர் இருக்கும் ஊருக்கே அனுப்பக்கூடாது என்று விதிவிலக்கு இருக்கிறது, நல்லது. மற்றபடி இது 1662ன் சட்டம்தான். பிழைக்க வந்த ஏழை நாளைக்கு நமக்குச் சுமையாகிவிடுவான் என்று பட்டால், 40 நாளுக்குள் புகார் கொடுத்து அவனைச் சொந்தத் திருச்சபை வட்டாரத்துக்கே திருப்பி அனுப்பலாம் என்றது அது. அன்று வண்டியில் ஏற்றினார்கள், இன்று படிவம் நிரப்புகிறார்கள்.

ஊர்க்காரன் என்று நிரூபித்துவிட்டால் மட்டும்? தனி ஆள், நோயில்லை, குழந்தையில்லை என்றால் 2017 சட்டப்படி 56 நாள் இடம் தேட உதவுவார்கள். அப்புறம் வீடு தரவேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. அவர் எப்படியோ கடைவாசலுக்கு வந்துவிடுகிறார்.

சத்திரத்தைக் கோயிலாக்குகிறேன் என்று நினைக்காதீர்கள். 1808ல் ஒரு பிஷப் தன் மகனையே அதற்குத் தலைவராக்கினார். பின்னால் கில்ஃபோர்ட் பிரபுவான அந்த மகன் சத்திரத்து வருமானத்தைப் பல்லாண்டுகள் விழுங்கினார், வழக்கு 1853 வரை இழுத்தது. இன்றைய பீரும் சுற்றுலாக்காரர்கள் ருசி பார்ப்பதற்குத்தான். இருந்தும் அந்த வாசல், வந்தவனின் பசியைத் தவிர வேறொன்றையும் விசாரிக்காமல் இருக்கக் கற்றிருக்கிறது. எந்த அலுவலகத்துக்கும் அது வாய்க்கவில்லை.

நாயைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வீடில்லாதவர்கள் ராத்திரி தங்கும் விடுதிகள் பலவற்றில் நாய்க்கு அனுமதி கிடையாது. அதை விட்டுவிட்டு உள்ளே போக மறுக்கிறவர்களை எனக்குப் புரிகிறது.

கடைசியாக, உங்கள் பையன் வேலை விசாவில் இருந்தால் அதன் நிபந்தனைகளை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அரசின் பொது நிதி உதவிகள் கிடையாது என்று ஒரு வரி இருக்கும். வரி கட்டுகிறான், சரி. நாளைக்கே வேலையும் வாடகை வீடும் போனால், வீட்டு உதவி கேட்டுப் போகும் அவனிடம் எந்த ஊர் என்று கேட்கும் கட்டம்கூட வராது. குடித்துவிடுவானா மாட்டானா என்ற பேச்சை அதற்கப்புறம் நீங்கள் இருவரும் வைத்துக்கொள்ளலாம்.