ஜப்பானியர்களுக்குக் கச்சிதம் ரத்தத்திலேயே இருக்கிறதா? நம்மால் ஏன் முடியவில்லை?

ஏதோ வாட்ஸப் ஃபார்வர்டு பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2017-இல் ரயில் 20 விநாடி முன்னதாகக் கிளம்பியதற்கு மன்னிப்புக் கேட்டார்களே, அதுதானே? நிஜம்தான். சுகுபா எக்ஸ்பிரஸ்.

நான் ஐச்சி மாகாணத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் நாலு வருஷம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். முதல் மாதமே நான் அனுப்பிய எக்செல் ஃபைல் திரும்பி வந்தது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். சேவ் செய்யும்போது கர்சர் ஏ1-இல், அதாவது ஷீட்டின் முதல் கட்டத்தில், இல்லையாம். சரி என்று எல்லா ஷீட்டிலும் ஏ1-க்குக் கொண்டுவந்து மறுபடி அனுப்பினேன். பிரிண்ட் எடுத்து மூன்று பேர் ஹன்கோ, அதாவது கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் பெயர் முத்திரை, குத்தினார்கள். நாலு நாள் கழித்துத் தற்செயலாகப் பார்க்கிறேன், 12.05 என்று இருக்க வேண்டிய அளவு 12.50 என்று இருக்கிறது! தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மூன்று பேர் எதைப் பார்த்துக் குத்தினார்கள்?

பயந்துகொண்டே கச்சோவிடம், அதாவது எங்கள் பிரிவுத் தலைவரிடம், போய்ச் சொன்னேன். மனிதர் திட்டவே இல்லை. ஏன், ஏன் என்று அஞ்சாறு தடவை குடைந்தார். மறுநாள் படிவமே மாறியிருந்தது: அளவு வரம்பைத் தாண்டினால் கட்டம் சிவப்பாகிவிடும். ரத்தம் கித்தம் எல்லாம் ஒன்றுமில்லை, சமாச்சாரம் இந்தப் படிவத்தில்தான் இருக்கிறது. 1950-இல் டெமிங் என்ற அமெரிக்கர் போய் அவர்களுக்குத் தரக்கட்டுப்பாட்டு வகுப்பெடுத்தார். அவர் பெயரில் ஜப்பான் தரும் விருதை 1998-இல் நம்ம சென்னை சுந்தரம் கிளேட்டன் வாங்கியது. அப்புறம் என்ன ‘நம்மால் முடியவில்லை’?

‘அங்கே சம்பளம் வாங்கித் தின்றுவிட்டுக் குறை சொல்கிறான்’ என்று யாராவது வருவீர்கள். குறை சொல்லவில்லை ஐயா. ஜப்பானில் நடந்த 2005 அமாகசாகி ரயில் விபத்தையும் சேர்த்துப் படியுங்கள் என்கிறேன். ஒன்றரை நிமிடத் தாமதம். அதைச் சரிக்கட்ட வளைவில் வேகமாகப் போன ரயில் கவிழ்ந்து, ஓட்டுநரோடு சேர்த்து 107 பேர் இறந்தார்கள். தாமதம் செய்த ஓட்டுநர்களை ‘மறுபயிற்சி’ என்று உட்காரவைத்து அவமானப்படுத்தும் வழக்கம் அப்போது அங்கே இருந்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அங்கே வாடகை வீடு தேடியபோது புரோக்கர் என் முன்னாலேயே போன் போட்டு, ‘வெளிநாட்டவர், பரவாயில்லையா?’ என்று கேட்டார். ஐந்து வீட்டுக்காரர்கள் முடியாது என்றார்கள். ஒவ்வொரு தடவையும் புரோக்கர் என்னிடம் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார், அதில் மட்டும் ஒரு குறையும் இல்லை.